பறக்கும் பூட்ஸ்

நாயகன் ஆறாவது முறையாகத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து விழுந்து செத்தான்.

“ரெண்டு மாசமா இதே கததாங்க. இந்த ஆளு பறக்கவே மாட்டேங்கிறான்,” என்றான் அறிவரசன், கைப்பேசியை அவள் பக்கம் திருப்பி.

மேகலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவன், தனியாகப் பேசக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஐந்தை இப்படிக் கரைப்பான் என்று அவள் நினைக்கவில்லை. கூடத்தில் இரண்டு குடும்பமும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது.

அவனிடம் சொல்ல அவளுக்கு ஒன்றுதான் இருந்தது. ஆலத்தியூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“தட்டு மாத்துற வரைக்கும் அதப் பத்தி வாயத் தொறக்காத. ஷிப்ட்டுன்னு கேட்டா பஸ் ஏறிப் போயிடுவாங்க,” என்று அம்மா காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள்.

தட்டு மாற்றிய பிறகு சொன்னால் வேலைதான் பஸ் ஏறிப் போகும். அது மேகலாவுக்குத் தெரியும். ஆனால் புது ஆளிடம் பெயரைச் சொல்லவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அறிவரசன் மறுபடி தொடங்கினான். அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டு; இப்போது கைப்பேசியிலும் ஓடியது. படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டிரண்டு சொல்லாக அடித்தால் நாயகன் அதன்படி செய்வான். முகத்தில் முகமூடி, முதுகில் துணி, காலில் பூட்ஸ். நகரத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன்.

தெருவில் நடந்தான். சாவி எடுக்கத் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். அறிவரசனின் கட்டைவிரல் யோசிக்காமல் அடித்தது: ரிமூவ் பூட்ஸ்.

“பூட்ஸ ஏங்க கழட்டுறீங்க?”

அவள் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

“பின்ன, வூட்டுக்குள்ள பூட்ஸோடயா போவான்?”

“திரும்பி வர்றப்ப மாட்டவே இல்லியே. பறக்குற சக்தி அதுலதான் இருக்கும்போல.”

அறிவரசன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். இந்த முறை நாயகனைப் பூட்ஸோடு வீட்டுக்குள் விட்டு, சாவி எடுத்து, தொட்டியில் ஏற்றினான்.

நாயகன் பறந்தான்.

“நான் இத்தன நாளா முதுகுல தொங்குற துணியத்தான நம்பிக்கிட்டிருந்தேன்,” என்றான் அறிவரசன். “எப்படிங்க ஒடனே புடிச்சீங்க?”

மேகலா எழுந்து கட்டிலருகே போனாள்.

குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். முனையில் இரும்பு வைத்த கறுப்பு ஷூ. ஐந்தாம் நம்பர். வாங்கி மூன்று நாளாகிறது. வீட்டுக்குள் போட்டு நடந்து பார்க்க அம்மா விடவில்லை.

பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு காலிலும் மாட்டினாள்.

“சிமெண்ட் ஆலை லேப்புல வேலைங்க. ஷிப்ட்டு,” என்றாள், ஷூவைப் பார்த்தபடி.

அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

“இத எங்கம்மாகிட்ட காட்டியே ஆகணும்.”

டக். டக். மொசைக் தரையில் அந்தச் சத்தம் கூடம் வரை போனது. பஜ்ஜி தின்பது நின்றது. மேகலாவின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அறிவரசனின் தாயார் அம்சவள்ளி தட்டைக் கீழே வைத்தார். மேகலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களையே வெகுநேரம் பார்த்தார்.

“லேஸ உள்ள சொருகிக்கம்மா,” என்றார். “பெல்ட்டு ஓடுற எடத்துல தொங்க விடக் கூடாது. ஃபேக்டரி பேக்கிங்ல இருவது வருஷம் நின்னவ சொல்றேன்.”