பட்டி நோட்டு

"சாவியக் குடு ஒச்சாயி. வெயில் ஏறுது, மாடு தண்ணி குடிக்க வேணாமா?" என்றார் வேலுசாமி.

கேட்டார் என்பதைவிட, கையை நீட்டினார் என்பதுதான் சரி. அந்த ஊரில் அவர் நீட்டிய கை சும்மா திரும்பியதே கிடையாது.

ஒச்சாயி சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். தொண்ணூற்றாறில், பெண்களுக்கென்று ஒதுக்கிய சீட்டில் நின்று ஜெயித்து, அவள் பஞ்சாயத்துத் தலைவியாகி அன்றைக்குப் பதினெட்டாவது நாள்.

வடமதுரையில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இறங்குகிற ஊர் ஏதோ ஒரு பட்டியாகத்தான் இருக்கும். ஆடு அடைகிற முள்வேலியும் பட்டிதான். ஆனால் "பட்டியில போட்டுட்டாங்க" என்று யாராவது அலறிக்கொண்டு வந்தால், அது இந்தப் பட்டி. சாவடிக்குப் பின்னால், ஆள் உயரக் கல்சுவரும் இரும்புக் கேட்டுமாக நிற்பது. அடுத்தவர் வெள்ளாமையில் வாய்வைத்த ஆடுமாட்டைப் பஞ்சாயத்து பிடித்து அடைக்கிற இடம். உடையவர் நேரில் வந்து நோட்டில் பேர் பதிந்து, தண்டம் கட்டித்தான் ஓட்டிப் போக வேண்டும்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மாடுகள்தான் வேறு. இல்லாதவன் ஆடு வரப்பைத் தாண்டினால் பொழுது சாய்வதற்குள் பட்டி. வேலுசாமியின் காளைகள் ஊர்க்காட்டையே மேய்ந்தாலும், "வாயில்லா ஜீவன், விடுப்பா" என்பார்கள்.

ஒச்சாயியின் வெள்ளாட்டை இதே பட்டியில் மூன்று நாள் போட்டிருக்கிறார்கள். மடி கட்டி அது கத்திய கத்தலும், பாலில்லாமல் வீட்டில் குட்டி செத்துப்போனதும் அவள் நெஞ்சைவிட்டு இன்னும் இறங்கவில்லை. ஓட்டுக் கேட்டுப் போனபோது ரோடு போடுகிறேன், குழாய் போடுகிறேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. "பட்டின்னா எல்லாத்துக்கும் பட்டிதான்" என்று மட்டும் சொன்னாள்.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஓட்டையும் போட்டார்கள்.

இன்றைக்கு விடியும்போது கருப்பம்மாளின் கடலைக்காட்டில் பாதி காலி. மேய்ந்ததை ஓட்டிவந்து அடைத்த தலையாரி சோலைமுத்து, சாவியை ஒச்சாயி கையில் போட்டுவிட்டு, "இனி ஒம்பாடு தாயி" என்று ஒதுங்கிக்கொண்டான்.

நோட்டில் பேர் விழாமல் வேலுசாமியின் காளைகள் வெளியே போனால், அடுத்த ஐந்து வருஷமும் ஒச்சாயி நாற்காலியில் வைத்த பொம்மைதான். அது அவளுக்கும் தெரியும், வேடிக்கை பார்க்க வந்து நிற்கிற ஊருக்கும் தெரியும்.

"நோட்டுல பேரெழுதிட்டு ஓட்டிட்டுப் போங்கண்ணே."

 அவள் குரலைக் கேட்டதும் உள்ளே ஏதோ ஒரு மாடு நீட்டிக் கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கைநாட்டுப் பயலுக வெரல் உருட்டுன நோட்டுல நான் எழுதணுமாக்கும்? ஏத்தா, நாளைக்கு ஒம் மாடு மேஞ்சா அத யாரு அடைப்பா? நீயா அடைப்ப?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கேள்வி நியாயமான கேள்விதானே!

ஒச்சாயி நோட்டை விரித்து, பேனாவை நடுவில் வைத்து நீட்டினாள்.  

விசிறி எறிவதற்காகத்தான் வேலுசாமி அதை வாங்கினார். எறிவதற்குள் கண் பட்டுவிட்டது.

பக்கம் முழுக்க ஊதா நிறக் கட்டைவிரல் ரேகைகள். கடைசி வரியில் மட்டும் ரேகை இல்லை. அறிவொளி வகுப்பில் படித்த கோணல் எழுத்து, ஒவ்வொன்றும் கத்தரிக்காய் தண்டிக்கு இருந்தது. அதை அவர் தன்னையறியாமல் வாய்விட்டே படித்துவிட்டார்.

"ஒச்சாயி. கிடேரி ஒன்று. கருப்பம்மாள் கடலைக்காடு."

தேதி, இன்றைய தேதி.

கேட்டின் கம்பி வழியே எட்டிப் பார்த்தார். அவருடைய காளைகள் இரண்டுக்கும் நடுவில், அறுந்த கயிறு கழுத்திலும் கடலைக்கொடி வாயிலுமாக, ஒச்சாயியின் செவலைக் கிடேரி நின்றுகொண்டிருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வேலுசாமி நோட்டைச் சுவரில் வைத்துக் குனிந்து, அவள் பேருக்குக் கீழே தன் பேரை எழுதினார்.

பாதிக் கடலையைப் பறிகொடுத்த கருப்பம்மாள்தான் முதலில் குலவை போட்டாள்.