நாலாயிரம் சகோதரிகள்

சர்க்கரை நோய்க்கு மூலிகைப் பொடி விற்கும் கம்பெனியில் விற்பனைக் கடிதங்கள் எழுதுவது குணாளனின் வேலை. "சகோதரி, கணவரின் காலைப் பிடித்துவிட்டபடி நீங்கள் ஓசையில்லாமல் அழுவதை நான் அறிவேன்" என்று அவன் தொடங்கிய கடிதம் நாலாயிரம் வீடுகளுக்குப் போனது. பொடி அந்த மாதமே தீர்ந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் அந்தக் கடிதத்தோடு பூரணம் என்றொரு பெண் ஆபீசுக்கு வந்தாள். மடிப்புகளில் கிழிந்த கடிதத்துக்கு டேப் ஒட்டியிருந்தாள்.

"இத எழுதுன அண்ணன் நீங்கதானா?"

"ஆமாம்மா. பொடி கேட்டுச்சா?"

"நீங்க எழுதுன மாதிரியே ஊசிய நிறுத்திட்டுப் பொடியக் குடுத்தேன். ரெண்டே மாசத்துல போய்ச் சேந்துட்டாருண்ணே."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று குணாளன் வாசலைப் பார்த்தான். அவளோ நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் அப்பாவக் கொன்னுட்டேன்னு மகன் பேச்ச விட்டுட்டான். அம்மா மேல தப்பில்லன்னு அவனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே. நீங்க எழுதுனா நம்பிருவான்."

'ஊசி வேண்டாமென்று எழுதியவன் நான்' என்று தொடங்கப் பார்த்தான் குணாளன். கை ஓடவில்லை. 'தம்பி, அப்பாவின் வெறுங்கட்டிலைப் பார்த்து நீ மருகுவதை நான் அறிவேன்' என்று எழுதியதும் மிச்சமெல்லாம் தானாக வந்தது. பத்தே நிமிடத்தில் முடித்துப் படித்துக் காட்டினான்.

பூரணம் கேவிக் கேவி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசியில உங்க பேரப் போடுங்கண்ணே" என்றாள்.

குணாளன் 'நலம் விரும்பும் ஒருவன்' என்று எழுதி, பேனாவை மூடினான்.