இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

“நோட்டைக் கொடு, பொண்ணு,” என்றார் கவ்பா.

டெல்மா நோட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள். எதிரே ஊரே திரண்டு நின்றது. ஊர்ப் பெரியவர் கவ்பாவுக்குப் பக்கத்தில் அவர் தம்பி மகன் யோம்பி. அவன் கையில் முழ நீளக் கத்தி.

பப்புவா நியூகினியின் மலை ஊர்களில் ஓட்டை மறைத்துப் போடலாம். மறைத்து எண்ண முடியாது. பெட்டி பெட்டியாகத் திறந்து, ஊர் பேரைச் சொல்லி, சத்தமாக வாசிப்பார்கள். இந்த ஊர்ப் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. இருநூற்றுப் பதினொன்று யோம்பியின் அண்ணனுக்கு. ஒன்றே ஒன்று, பக்கத்துக் குலத்து நர்ஸ் ஆக்னஸுக்கு.

அண்ணன் தோற்றது வேறு ஊர்ப் பெட்டிகளால்தான். அதை யார் கேட்கிறார்கள்? எட்டுப் பன்றி அடித்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். அந்தக் கறியைத் தின்றுவிட்டு ஆக்னஸுக்குப் போட்டவர் யாரோ, இன்று பொழுது சாய்வதற்குள் அந்த வீடு எரியணும் என்று நின்றான் யோம்பி.

“யோம்பி தின்ன கறிக்கு அவனே பத்து ஓட்டுப் போட்டிருக்கணும்,” என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

டெல்மா தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்தல் ஆராய்ச்சிக்காக வந்தவள். திரைக்குப் பின்னால் தனியாக விட்டால் ஜனங்கள் குலத்துக்குப் போடுவார்களா, மனசுக்குப் போடுவார்களா? அதைப் பார்க்கத்தான் தேர்தலுக்கு முந்தின வாரம் ஒத்திகை ஓட்டு நடத்தினாள். வேட்பாளர் படத்துக்கு நேரே ஒரு கோடு போட்டால் போதும். சீட்டில் எண், அந்த எண் யாருடையது என்பது அவள் நோட்டில். யாருக்கும் காட்டமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்திருந்தாள். வேலை முடிந்த அன்றே பெயர்ப் பக்கத்தைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை.

ஒத்திகையிலும் ஆக்னஸுக்கு ஒரே ஓட்டுத்தான். நாற்பத்தொன்றாம் எண். அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தவளும் அவளேதான்.

மோகே.

கூட்டத்தின் ஓரத்தில் இடுப்புக் குழந்தையோடு நின்றிருந்தாள். ஆறு பெருகிய நாளில் ஆக்னஸ் நீந்தி வந்து பிரசவம் பார்த்த குழந்தை. அந்தப் பக்கம் கண் போய்விடக் கூடாதே என்று டெல்மா தரையையே பார்த்தாள்.

“மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, பெரியவரே,” என்று பொய் சொன்னாள்.

“கொடு, நான் படிக்கிறேன்,” என்று யோம்பி முன்னால் வந்தான்.

“நான் இருக்கும்போது நீ என்னடா படிக்கிறது?” என்ற கவ்பா, அவள் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் வரிவரியாக இறங்கி, சிவப்பு வட்டத்தில் வந்து நின்றது. மோகே குழந்தையின் முகத்தைத் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

“கவ்பா,” என்று நிறுத்தி வாசித்தார் அவர். “என் பேருதான் எழுதியிருக்கு. அது என் ஓட்டு.”

யோம்பி வாயைத் திறந்தான். பெரியப்பா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

“என்னடா, என் வீட்டை எரிக்கிறியா?”

கத்தி தாழ்ந்தது. தண்டமாகத் தன் கொழுத்த பன்றியை ஊருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து நெருப்பில் போட்டார் கவ்பா.

மறுநாள் காலை டெல்மா லாரி ஏற நின்றபோது, மோகே சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை இலையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

“உன் பேரைப் படிச்சிட்டு, தன் பேரைச் சொன்னாரே அந்த மனுஷன்,” என்றாள் டெல்மா, தாழ்ந்த குரலில்.

மோகே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“படிச்சாரா? பெரியவருக்கு எழுத்தே தெரியாதே அக்கா. தேர்தலன்னைக்கு அவர் ஓட்டைக்கூட யோம்பிதான் கூட நின்னு எழுதிப் போட்டான்.”