மூன்றாவது மன்றாட்டு

“யூனிவர்சிட்டியிலேருந்து வித்ட்ரா பண்ணிட்டேன்பா.”

சோபாவில் உட்கார்ந்து, மறுநாள் தேவாலயப் பூசையில் வாசிக்க வேண்டிய மன்றாட்டுகளைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்த சிலுவைராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னடா சொன்னே?”

“காலையிலேயே ஃபார்ம் அனுப்பிட்டேன்.” மகன் வேய்ன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“செமஸ்டர் பாதியிலயா? இன்ஜினியரிங் சீட்டுடா! நம்ம பிடோக் ஏரியாவுல பாதிப் பேர்கிட்ட உன் படிப்பைச் சொல்லித்தானே நான்... ஃபெயில் ஆயிட்டியா?”

“இல்லப்பா.”

“பொண்ணு விவகாரமா?”

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி பிலோமினம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்கிறியா? அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்!”

“போன மாசமே சொல்லிட்டான்.”

கோயிலில் சிலுவைராஜின் குரலுக்குத் தனி மரியாதை. பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் மைக் முன்னால் நின்று அவர் உருகி உருகி மன்றாட, முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் குரல் இப்போது பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்டது.

“தப்பா அனுப்பிட்டேன்னு உடனே மெயில் போடு. திங்கக்கிழமை ஒழுங்கா கிளாஸுக்குப் போ!”

“போகமாட்டேன்பா. நீங்க எவ்வளவு திட்டினாலும் போகமாட்டேன். ராணுவத்துல என்எஸ் பண்ணும்போதே ஆரம்பிச்ச யோசனை.”

பையன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் சிலுவைராஜைப் பயமுறுத்தியது.

“படிப்பை விட்டுட்டு அப்படி எங்கேடா போகப்போறே?”

“உங்க கையில இருக்கிற பேப்பர்ல மூணாவதைப் படிங்க.”

கோபத்தில் கசக்கிவிட்டிருந்த தாளைப் பிரித்தார். அவரே எழுதியதுதான்.

‘எங்கள் ஆலயப் பங்கிலிருந்து நல்ல இளைஞர்கள் குருமடத்தில் சேர்ந்து, தங்களையே உமது பணிக்குக் கையளிக்க வரம் தாரும், ஆண்டவரே.’

“அடுத்த மாசம் குருமடத்துல சேர்றேன்பா. சாமியாராகப் போறேன்.”

பிலோமினம்மாள் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஒரே பிள்ளை, எனக்கும்தான் வலிக்குது. ஆனா பதினோரு வருஷமா நீங்க கேட்டதுதானேங்க? ஆண்டவர் குடுத்துட்டார்.”

சிலுவைராஜ் தாளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கேட்டேன்தான்... நம்ம வீட்டுலேருந்தா கேட்டேன்?”