ஐந்து முறை பல் தேய்ப்பவள்

"வாயக் கொப்பளிச்சுத் துப்புட்டி" என்றார் பல் டாக்டர் சங்கரபாண்டி.

ப்ரியதர்ஷினி நாற்காலியிலிருந்து பேசின் பக்கம் குனிந்தாள். "த்தூ."

அவளுக்கு ஒன்பது வயது. சிறுநீரகம் இரண்டும் சரியில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைப்பதற்கு முன்னால் வாயில் புண்ணோ சீழோ இருக்கக் கூடாது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதுவரை ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மீறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ பல்லு தேய்ப்ப?"

"அஞ்சு."

"எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான். மாசத்துக்கு அஞ்சு தடவ. நீ அங்கன வந்து அவனுக்கு டியூஷன் எடு மக்கா."

குருவிகுளத்திலிருந்து அவளைக் கூட்டி வந்திருந்த அம்மா இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அங்கே உதவியாளர். இன்னொரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கொப்பளித்தாள். இடது கன்னம் உப்பியது. பிறகு வலது. அவசரமே இல்லை.

"ஏட்டி, வாய்க்குள்ள என்ன தேரோட்டமா நடத்துத? துப்பு."

"த்தூ."

சத்தம் மட்டும்தான். பேசினில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். சட்டென்று மின்விசிறியை ரசிக்க ஆரம்பித்தாள்.

நான் படித்தது உயிரியல். கணக்கு தானாக ஓடியது. ஒரு வாய் இருபது மில்லி. தடவைக்கு மூன்று வாய். ஐந்து தடவை. முந்நூறு மில்லி.

டாக்டர் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது.

அவள் வாசலில் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, இசக்கியம்மாளின் முந்தானையை மெல்ல இழுத்தேன்.

"அக்கா, பாப்பா கொப்பளிக்கிற தண்ணிய முழுங்கிருது."

இசக்கியம்மாள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"தெரியும்மா. அதக் கழிச்சுத்தான் தெனமும் டம்ளர்ல ஊத்துதேன். இங்கன முழுங்குனதுக்கு ராத்திரி ரெண்டு வாய் கொறையும். களவாண்டு குடிக்கோம்னு நெனச்சாத்தான் அவளுக்குத் தாகம் அடங்குது. நீ அவட்ட சொல்லிராத."