ஒரு பிடி உப்பு

பெருமாளுக்குப் போக வேண்டிய வெண்பொங்கல் தவலையின் முன், பிடி நிறைய உப்போடு நின்றார் மடைப்பள்ளி சௌரிராஜன். இது முதல் பிடியா, இரண்டாவதா? நைவேத்தியம் ஆகும் முன் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது, பகலில் புத்தி இப்படித்தான் அறுந்து அறுந்து போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கூட வேலை பார்க்கும் பத்ரியிடம் கேட்டார். "ஓய், நான் உப்புப் போட்டேனா?"

"மூணாந்தடவையா கேக்கறீர். நான் கிணத்தடியில இருந்தேன்னு சொன்னேனே, சுவாமி."

சன்னதியில் மணி அடித்தது. பத்ரி தவலையைத் தூக்கத் துணியை மடித்தார். சௌரிராஜன் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

கை காலியாக இருந்தது.