ரெண்டு நிமிஷ வேலை

"வயித்துக்குள்ள போனே, பித்தப்பையை எடுத்தே. கையோட கையா அந்தக் குடல்வாலையும் எடுத்துட்டு வந்தா என்னம்மா? ரெண்டு நிமிஷ வேலை!"

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் நர்ஸ்கள் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு போனார்கள்.

சின்ன டாக்டர் மேஜை விளிம்பைப் பார்த்தபடி நின்றாள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட வேண்டியவர் இவர்.

"அந்தப் பேஷன்ட்டுக்கு எழுபது வயசு சார். குடல்வால் நல்லாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷம் சும்மா கிடந்தது இனிமேலா ஆடப்போகுது? வெட்டினா குடல்ல இன்னொரு காயம், சீழ் பிடிக்க இன்னொரு வழி. எடுக்கச் சொல்லி அவர் கேக்கவும் இல்லையே?"

"எனக்கே பாடமா? முப்பது வருஷமா நான் திறந்த வயிறு ஒண்ணாவது வாலோட வீடு போயிருக்கா?"

போனதில்லை. உண்மைதான்.

"சோம்பேறித்தனத்துக்குக் கருணைன்னு பேரு! விளக்கம் எழுதிக் குடு."

எழுதினாள். ஒரே வரி: 'வெட்டுவது இரண்டு நிமிடம்தான், ஆற வேண்டியது எழுபது வயது உடம்பு.'

மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அதை ராகம் போட்டு வாசித்தார்.

"நீ வைத்தியம் பார்க்க வந்தியா, வசனம் எழுத வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வராதவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். அவளுடைய நிரந்தர உத்தரவு அவர் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படுத்தது.

மூன்றாம் வாரம் பெரிய டாக்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பித்தப்பையில் கல். அவருக்கும் வயது எழுபது.

"யார் சார் ஆபரேஷன் பண்றது?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

பெரிய டாக்டர் யோசிக்கவே இல்லை. "அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியே வாயைப் பிளந்தது.

தியேட்டர். விளக்கு எரிந்தது. மயக்க மருந்து முகமூடி அவர் மூக்கருகே வந்தபோது, சின்ன டாக்டர் குனிந்து, எல்லோர் காதிலும் விழும்படி, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"சார், கையோட கையா அந்தக் குடல்வாலையும்..."

பெரிய டாக்டர் முகமூடியைப் படாரென்று தள்ளினார்.

"ஐயோ, அதுல கை வெச்சிடாதே!"

"ரெண்டு நிமிஷ வேலைதானே சார்?"

அவர் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெட்டறது ரெண்டு நிமிஷம்தான், டாக்டர். ஆற வேண்டியது எழுபது வயசு உடம்பாச்சே!"